வேருக்குத் தண்ணீர்ப் புகை அடித்து உருளைக்கிழங்கு: லயத்து வாசலில் முடியுமா?

2025 ஜனவரி 11 – ராகலையிலிருந்து வந்த கேள்வி

"அண்ணே, நாங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறோம். வாசல் முழுக்க சீமெந்து, மண் என்று காட்ட ஒரு சாண் இடம் இல்லை. யூடியூப்பில் ஒரு வீடியோ பார்த்தேன். பெட்டிக்குள் வேரைத் தொங்கவிட்டு, தண்ணீரைப் புகையாக அடித்தே உருளைக்கிழங்கு எடுக்கிறார்கள். ஒரு செடிக்கு 100 கிழங்காம். 10 செடி வைத்தால் 1000 கிழங்கு. வீட்டுக்குப் போக மிச்சத்தை விற்கலாம்தானே? யூரியா தோட்டத்திலேயே கிடைக்கும், மோட்டரும் ஒன்று இருக்கிறது. இது உண்மையா, கதையா?"

ஜனவரி 11, இரவு

உண்மைதான் தம்பி. ஏரோபோனிக்ஸ் என்பார்கள். 100 என்பது நல்ல நாற்று, நல்ல கூடம், ஆள் பார்த்துக்கொண்டே இருக்கிற இடத்துக் கணக்கு. லீமாவில் இருக்கிற சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. ஓரளவு ஒழுங்காகச் செய்தால் செடிக்கு 30, 50 வரும். சட்டியில் மண்ணோ தும்புத்தூளோ போட்டு அதே நாற்றை வைத்தால் 5 முதல் 10. அந்த வித்தியாசம் பெரியது என்பதில் சந்தேகமே இல்லை.

இப்போது வீடியோவில் சொல்லாததைச் சொல்கிறேன். அந்தக் கிழங்கு கோலிக்குண்டு அளவுதான். 10 கிராம் வந்ததும் பறித்துவிடுவார்கள், பறிக்கப் பறிக்கத்தான் அடுத்தது வரும். 50 கிழங்கை 10 கிராமால் பெருக்கிப் பாருங்கள், அரைக் கிலோ. பத்துச் செடிக்கு 5 கிலோ. அதுவும் ஐந்தாறு மாதம் மோட்டர் ஓடிய பிறகு. கறிக்கு என்றால் சந்தையில் வாங்குவது எவ்வளவோ மேல்.

ஜனவரி 12

"அப்படியானால் யார்தான் இதைச் செய்கிறார்கள், எதற்கு?" என்று பண்டாரவளை ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

விதைக்கு. உருளைக்கிழங்கைப் பொதுவாக விதை போட்டு வளர்ப்பதில்லை, கிழங்கைத்தான் நடுகிறோம். தாய்க் கிழங்கில் இருக்கிற நோய் எல்லாம் பிள்ளைக்கு வரும். இலைச்சுருள் வைரஸ், 'வை' வைரஸ், பாக்டீரியா வாடல் எல்லாமே அப்படித்தான். ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து நாலைந்து போகத்தில் விளைச்சல் படுத்துவிடும். அதனால்தான் ஒல்லாந்திலிருந்து விதைக்கிழங்கு கப்பலில் வருகிறது. இங்கேயும் சீத்தாஎலிய ஆராய்ச்சி நிலையத்தில் இழைய வளர்ப்பில் சுத்தமான நாற்று எடுத்து, அதிலிருந்து சின்னக் கிழங்கு, அதிலிருந்து அடுத்த தலைமுறை என்று பெருக்குகிறார்கள். பீதுருதாலகாலை, மீப்பிலிமானை பக்கம் அரசாங்க விதைக்கிழங்குப் பண்ணைகள் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும்.

நுவரெலியா மண்ணுக்கு இன்னொரு வியாதியும் இருக்கிறது. கிழங்கு வேரில் முட்டைக்கூடு கட்டுகிற புழு, நெமடோட் என்பார்கள். கடுகைவிடச் சின்ன உருண்டை. அந்தக் கூட்டுக்குள் முட்டை பல வருடம் சாகாமல் கிடக்கும். மண்வெட்டியில், சப்பாத்தில், கிழங்கில் ஒட்டிய மண்ணில் ஊர் ஊராகப் போகும். வாடல் பாக்டீரியாவும் மண்ணில் தங்கிவிடும். ஆக விதைக்காரனுக்கு மண்ணே எதிரி. வேரைக் காற்றில் தொங்கவிடுவதற்கு முதல் காரணம் அதுதான். விளைச்சல் கூடுவது அதற்கு மேலே கிடைத்த லாபம்.

ஒன்றை இங்கேயே போட்டுவைக்கிறேன், பிறகு மறந்துவிடும். புகை அடிப்பதால் நோய் போகாது. நோயுள்ள கிழங்கின் முளையைக் கிள்ளி இந்தப் பெட்டியில் வைத்தால் நோயுள்ள 50 கிழங்கு சுத்தமான பெட்டியில் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஜனவரி 14

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

யூரியா விஷயம் விட்டுப்போய்விட்டது. வேண்டவே வேண்டாம். மண்ணில் யூரியா போட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர் அதை அமோனியமாக்கி, பிறகு நைத்திரேற்றாக்கிச் செடிக்குக் கொடுக்கும். பெட்டிக்குள் அந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது. கல்சியம் நைத்திரேற்று, பொட்டாசியம் நைத்திரேற்று என்று நேராகவே கொடுக்க வேண்டும். வீட்டு அளவுக்கு அல்பர்ட் கலவை என்கிற, தண்ணீரில் கரைக்கும் உரம்தான் சுலபம், நகரத்து விவசாயக் கடையில் கிடைக்கும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டிருந்த மாதங்களில் அந்தப் பக்கெட்டுக்காக நான் ஏறாத கடை இல்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், எடுத்த பிறகும் விலை இறங்கவில்லை.

ஜனவரி 19

நிறையப் பேர் பெட்டி எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் விவசாயம் படித்தவன் இல்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு தனியார் பொலிடனலில், அதாவது பொலித்தீன் போர்த்திய பயிர்க்கூடத்தில், மோட்டர், வயரிங், குழாய் வேலை பார்த்தவன். செடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டர் நின்றபோது அது எப்படி இருந்தது என்பதுதான். இப்போது கந்தப்பளையில் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு பெட்டி ஓடுகிறது.

பலகைச் சட்டம். உள்ளே கறுப்புப் பொலித்தீன், வெளியே வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தை மறைக்க, வெள்ளை சூடேறாமல் இருக்க. மேலே ரெஜிபோம் (வெள்ளை நுரை) பலகை, அதில் துளை, துளைக்கு ஒரு செடி. தண்டைச் சுற்றிக் கொஞ்சம் ஸ்பொஞ்ச். தண்டின் கீழ்ப்பகுதியில் இலையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று கணு உள்ளே போகும்படி இறக்க வேண்டும், கிழங்குக்கான கொடி அந்தக் கணுவிலிருந்துதான் வரும். செடி உயர உயர இன்னும் இறக்கலாம். பெட்டியின் பக்கத்தில் திரை மாதிரி ஒரு கதவு. அடியில் சரிவு, தண்ணீர் வழிந்து தொட்டிக்கே திரும்பும்.

வெளிச்சம் ஒரு ஊசித் துவாரம் வழியாக உள்ளே போனாலும் அந்த இடத்தில் பச்சைப் பாசி பிடிக்கும், அதற்கு நேரே இருக்கிற கிழங்கும் பச்சையாகும்.

கதவைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தால் வேர் அடிவரை தொங்கும். நல்ல வேர் பால் வெள்ளை. அதில் பொடி மயிர் நிறைந்திருக்கும், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் தண்ணீர்ப் பொட்டு நிற்கும். தண்ணீரில் முக்கி வளர்க்கிற செடிக்கு இந்த மயிர் இவ்வளவு வராது. வேருக்கு நடுவில் கொஞ்சம் தடித்த கொடி, நுனி கொக்கியாக வளைந்திருக்கும். அந்தக் கொக்கிதான் வீங்கிக் கிழங்காகிறது. பறிக்கும்போது இடது கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கிழங்கைத் திருக வேண்டும். இழுத்தால் கொடியோடு வந்துவிடும், அந்தக் கொடியில் வரவேண்டிய மற்றக் கிழங்கும் போச்சு. என் அம்மா வாழ்க்கை முழுக்கக் கொழுந்து பறித்தவர். என்னைவிட அவர்தான் இதில் கெட்டி, பார்க்காமலே கை போகும்.

ஜனவரி 20

நிறம் பற்றி: வேர் தவிட்டு நிறமானால் உடனே பயப்பட வேண்டாம், இரும்புச் சத்துக் கலவையாலும் கறை பிடிக்கும். விரலால் உருவிப் பாருங்கள். தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நின்றால் அழுகல். புளித்த வாடையும் வரும்.

ஜனவரி 26

நொசில், அதாவது தண்ணீரைத் தூவுகிற சின்ன மூக்கு. இந்த வேலையில் பாதி வாழ்க்கை நொசிலோடுதான் போகும்.

இரண்டு வகை இருக்கிறது, வீடியோக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று உயர் அழுத்தம். 5, 6 பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளுகிற டயபிரம் பம்ப், பொடி ஓட்டை நொசில், துளி 50 மைக்ரோன் அளவு, நிஜமாகவே புகை. சில வினாடி அடித்துச் சில நிமிடம் நிற்கும். இன்னொன்று தாழ் அழுத்தம். சாதாரணத் தண்ணீர் மோட்டர், 2 பார், நாற்றுமேடைக்குப் போடுகிற சின்ன ஸ்பிரிங்ளர். புகை இல்லை, சாரல். விதைக்கிழங்குப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஓடுகிறது, கிழங்குக்கு அது தாராளம். நொசில் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது.

அடைப்புக்கு இரண்டு காரணம். வேர்த்துண்டு, பாசி, தூசி எல்லாம் ஒன்று, அதற்கு வடிகட்டி போட்டால் போதும். மற்றது நாமே செய்துகொள்வது. கல்சியம் உரத்தையும் சல்பேற்று, பொஸ்பேற்று உரங்களையும் கெட்டியாக ஒரே வாளியில் கலக்கக் கூடாது. கலந்தால் ஜிப்சமும் கல்சியம் பொஸ்பேற்றும் வெள்ளையாக அடியில் படியும். செடிக்குப் போகவேண்டிய சத்து நொசிலில் சுண்ணாம்பாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஏ வாளி, பி வாளி என்று இரண்டாக வைத்து, தொட்டியில் தண்ணீர் நிறைந்த பிறகு தனித்தனியாக ஊற்றுகிறார்கள். அடைத்த நொசிலை வினாகிரியில் இரவு ஊறப்போடுங்கள். குண்டூசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி அதற்குப் பிறகு ஒழுகத்தான் செய்யும்.

நான் வாங்கிய முதல் கட்டு நொசிலில் பெட்டியில் எழுதியிருந்தது 'ஸ்டெயின்லெஸ்'. ஒரு மழைக்காலம் முடியுமுன் துரு. கடையின் பெயர் வேண்டாம், கடைக்காரர் நல்ல மனிதர், அவரையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள்.

பெப்ரவரி 2

காலையில் புல் வெள்ளையாக இருந்தது. உறைபனி. கொழுந்து கருகினால் தோட்டத்தில் வேலைநாள் குறையும் என்ற பேச்சு மறுபடியும்.

பெட்டிக்கு இந்தக் குளிர் கெடுதல் இல்லை, இலையை மட்டும் காப்பாற்றினால் போதும். கிழங்கு பிடிக்க வேர்ப்பக்கம் 20 பாகைக்குக் கீழே இருப்பது நல்லது. கொழும்பில் இதைச் செய்கிறவர் தண்ணீரைக் குளிரூட்ட மெஷின் வைக்க வேண்டும். நுவரெலியா ஏறக்குறைய 1870 மீற்றர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை. குளிரூட்டி நமக்கு இலவசம். குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசனும் கூடுதலாகக் கரையும். மலையில் இருப்பதால் நமக்குக் கிடைக்கிற ஒரே சலுகை இது என்று எழுத நினைத்தேன், இன்னொன்றும் இருக்கலாம், யோசித்துவிட்டு வருகிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு, இரவு

நாடு முழுக்கக் கரன்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார். பகல் பதினொன்றரை வாக்கில் போனது, எங்கள் பக்கம் விளக்கு வந்தபோது இருட்டிவிட்டது.

வெயில் நாள். முதல் அரைமணி செடியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நுனி இலை தொங்கியது. கதவைத் தூக்கினால் வேர்மயிரில் நின்ற தண்ணீர்ப் பொட்டு எல்லாம் போய், வேர் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகக் கிடந்தது. மண்ணில் நிற்கிற செடிக்கு மண்ணே தொட்டி, இரண்டு நாள் தாங்கும். இதற்குச் சேமிப்பு என்று ஒன்றுமே கிடையாது. ஈரச் சாக்கை வெயில் பக்கம் கட்டி, கைத்தெளிப்பானால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நானும் மகனும் மாறி மாறி அடித்தோம். வீட்டில் சோறு ஆக்கிவைத்துவிட்டு, "பிள்ளைக்கும் இப்படி எழும்பியிருந்தால் பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை. நியாயம்தான்.

செடி பிழைத்துவிட்டது. சில கொடி நுனி கறுத்திருக்கிறது.

பெப்ரவரி 10

தோட்டத்து முதுகுத் தெளிப்பானை வாங்கி அடிக்கலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். புதியது என்றால் அடியுங்கள். களைநாசினி அடித்த டாங்கியை எத்தனை தடவை கழுவினாலும் இதற்குக் கிட்டே கொண்டுவர வேண்டாம். மண்ணில் விழுந்தால் கிளைபோசேற்று மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒட்ட மண் இல்லை, நேரே வேருக்குத்தான் போகும்.

பெப்ரவரி 11

நேற்றும் இன்றும் ஒன்றரை மணிநேர வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டியதை நினைத்தால் இது ஒன்றுமில்லை. அந்த நேரம் நான் வேலை செய்த டனலில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. கான்களோடு வரிசையில் நின்ற கதை தனி.

பற்றரிக் கணக்கை ஒருமுறை சரியாகப் போட்டுவிடுகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள்.

தாழ் அழுத்தம்: அரைக் குதிரைவலு மோட்டர், 370 வாட். 15 நிமிடம் ஓடி 15 நிமிடம் நின்றால் சராசரி 185 வாட். 100 அம்பியர்-மணி பற்றரி 12 வோல்ட்டில் 1200 வாட்-மணி, ஈய பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 600. மூன்று மணிநேரத்தில் முடிந்தது. இன்வேட்டர் தின்னுவதையும் சேர்த்தால் அதுவும் இல்லை.

உயர் அழுத்தம்: 12 வோல்ட் டயபிரம் பம்ப் 60 வாட். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 5 வினாடி. அதாவது 36இல் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது, சராசரி 2 வாட்டுக்கும் குறைவு. டைமர் கொஞ்சம் தின்னும். த்ரீவீலர் பற்றரியே இரண்டு நாளைக்குப் போதும்.

ஆக போன மாதம் "கிழங்குக்குத் தாழ் அழுத்தம் தாராளம்" என்று எழுதியவன், இன்று அதன் பக்கத்தில் "கரன்ட் நிற்காத ஊரில்" என்று சேர்த்துக்கொள்கிறேன்.

பெப்ரவரி 16

லிந்துலையிலிருந்து ஒருவர் எழுதியது எனக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்கள் லயத்துக்கு மேலே பீலி இருக்கிறது. மலைத் தண்ணீர் சும்மாவே பாய்ந்து வருகிறதே, அதைப் பயன்படுத்தக் கூடாதா?"

யோசித்துப் பார்த்தால் அதுதான் நான் தேடிய இரண்டாவது சலுகை. 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தாழ் அழுத்த ஸ்பிரிங்ளருக்கு வேண்டியது ஒன்றரை, இரண்டு பார். அதாவது 15, 20 மீற்றர் மேலே ஒரு பீப்பா இருந்தால் போதும். நம் பக்கம் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில் அந்த உயரம் தாராளமாக இருக்கும். உயர் அழுத்தத்துக்கு என்றால் 60, 70 மீற்றர் வேண்டும், அதை விட்டுவிடலாம்.

செய்யவேண்டியது: பீப்பாவிலிருந்து குழாய் இறங்கி, கரன்ட் இருக்கும்போது மூடியிருக்கிற, கரன்ட் போனால் தானே திறக்கிற சொலனொய்ட் வால்வு ஒன்றின் வழியாக ஸ்பிரிங்ளர் குழாயில் சேர வேண்டும். மோட்டர் பக்கம் பின்னோக்கிப் போகாத வால்வு ஒன்று. கரன்ட் நின்றால் பச்சைத் தண்ணீர் தானே பாயும். உரம் இல்லாத தண்ணீர்தான், சில மணிநேரம் வேர் பட்டினி கிடந்து சாகாது, காய்ந்துதான் சாகும். பெட்டியிலிருந்து வழிகிற தண்ணீரை அந்த நேரம் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உரக்கரைசல் நீர்த்துத் தொட்டியும் வழியும்.

போட்டுவிட்டேன். மெயின் சுவிட்சை இறக்கிப் பார்த்தேன், 'டக்' என்று சத்தம், சாரல் வந்தது. லிந்துலை நண்பருக்கு ஒரு கும்பிடு.

குறை ஒன்று: மழை பெய்தால் பீலித் தண்ணீர் கலங்கும். மணலும் இலையும் வரும். பீப்பாவின் வாயில் துணி கட்டி, குழாயை அடியிலிருந்து ஒரு சாண் மேலே போடுங்கள். பீலிக்கு மேலே யாராவது மரக்கறித் தோட்டம் போட்டிருந்தால் வாடல் பாக்டீரியா அந்தத் தண்ணீரிலேயே வரலாம். விதைக்காகச் செய்கிறவர் அதை யோசிக்கத்தான் வேண்டும்.

மார்ச் 2

கொஞ்சம் தள்ளிப் போகிறேன். "இது நாசாக்காரன் கண்டுபிடிப்பு" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். 1997இல் மிர் விண்வெளி நிலையத்தில் பயற்றம் நாற்றை இப்படி வளர்த்துப் பார்த்தார்கள், அது சரி. ஆனால் ஆய்வுகூடத்தில் வேரைப் பார்ப்பதற்காக 1940களிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். மண்ணைத் தோண்டாமல் வேர்நோயைப் படிக்க அது வசதிதானே. ஏரோபோனிக்ஸ் என்ற பெயர் 1957இல் பிரிட்ஸ் வென்ட் வைத்தது. அவர் வளர்த்துக் காட்டியது தக்காளியும் கோப்பியும்.

கோப்பி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மலையில் தேயிலைக்கு முன் இருந்தது கோப்பிதானே. 1869இல் இலைத்துரு வந்து இருபது வருடத்துக்குள் எல்லாம் போய்த் தேயிலை வந்தது. நம் ஆட்கள் முதலில் நடந்து வந்தது கோப்பி பறிக்கத்தான்.

மார்ச் 3

"அப்படியென்றால் தேயிலையையும் புகை அடித்து வளர்க்கலாமா, துரைமாருக்கு நிலமே தேவைப்படாதே" என்று கேட்கிறார் அதே நண்பர். துரைமாருக்கு நிலம் வேண்டும் ஐயா, கவலைப்படாதீர்கள்.

விளையாட்டை விட்டுச் சொன்னால், வீ.பீ. நாற்றுக்கு, அதாவது தண்டை வெட்டிவைத்து எடுக்கிற தேயிலை நாற்றுக்கு, வேர்விட வைப்பது வரைக்கும் யோசிக்கலாம். அல்பர்ட் கரைசலில் அது சரிவராது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பிஎச் 4.5இலிருந்து 5.5. நைத்திரேற்றைவிட அமோனியத்தை விரும்பும். மற்றச் செடிக்கு விஷமான அலுமினியம் இதற்குப் பிடிக்கும். கிழங்குக்கு 5.5இலிருந்து 6.5. ஒரே தொட்டியில் இரண்டையும் வைக்க முடியாது. அதோடு ஒன்பது பத்து மாதம் பையில் நிற்கிற ஒரு நாற்றுக்காகக் கரன்ட் கட்டணம் யார் கட்டுவது?

மார்ச் 8

யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்: "நீங்கள் சொன்ன அளவில்தான் கலந்தேன், மீற்றரில் ஈசி ஏகத்துக்கு ஏறி நிற்கிறது."

ஈசி என்பது கரைசலின் மின்கடத்தல் அளவு, உரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். அண்ணே, உங்கள் கிணற்றுத் தண்ணீரை மட்டும் முதலில் அளந்து பாருங்கள். சுண்ணக்கல் தண்ணீரில் கல்சியம் ஏற்கெனவே இருக்கும், பிஎச்சும் மேலே நிற்கும். எங்கள் மலைத் தண்ணீர் ஏறக்குறைய வெறும் தண்ணீர், மீற்றர் முள் அசையாது. நான் எழுதுகிற அளவு எல்லாம் அந்த வெறும் தண்ணீருக்கு. கிழங்குக்கு ஈசி 1.5 அளவில் வைத்தால் போதும். உங்கள் பக்கம் மழைத் தண்ணீரைப் பிடித்துக் கலப்பதுதான் வழி. அது இல்லாவிட்டால் கல்சியம் உரத்தைக் குறைத்து, அமிலம் விட்டு பிஎச்சை இறக்க வேண்டும். நொசில் உங்களுக்கு எங்களைவிட வேகமாக அடைக்கும்.

ஏப்ரல் 20

சுற்றுலா சீசன் முடிந்து நகரத்தில் வாகனம் குறைந்திருக்கிறது. ஹோட்டலுக்கு சலாது இலை கொடுக்கலாம், அதற்கு இந்தப் பெட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், வைக்க வேண்டாம். சலாதுக்கு வேர் நனைந்தால் போதும். ரெஜிபோம் பெட்டியில் பொலித்தீன் விரித்து, அல்பர்ட் கரைசல் ஊற்றி, மூடியில் துளை போட்டு வைத்தாலே வளரும். மோட்டர் இல்லை, கரன்ட் இல்லை, குரங்குப் பயமும் இல்லை. தண்ணீர் குறையக் குறைய வேரின் மேல்பகுதிக்குக் காற்றும் கிடைக்கும், அதனால் தண்ணீரைத் திரும்ப முழுக்க நிரப்பிவிடாதீர்கள்.

ராகலைத் தம்பிக்கும் நான் சொல்வது இதுதான். சீமெந்து வாசலில் முதலில் இந்த ரெஜிபோம் பெட்டி. சலாது, கீரை, செலரி. கரைசலோடு கை பழகட்டும். கிழங்கு ஆசை இருந்தால் பையில் தும்புத்தூள் போட்டு நடுங்கள், வீட்டுக்கு அதுவே அதிகக் கறி கொடுக்கும்.

ஏப்ரல் 21

தம்பி பதில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் கோபம். "நிலம் உள்ளவனுக்குத்தான் எல்லாம் என்று சொல்கிறீர்களா?"

அப்படிச் சொல்லவில்லை தம்பி. புது வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்தவர்களே வீடு கட்டிய பிறகு மிளகாய்க்கு இடம் தேடுகிறார்கள், லயத்தில் இருக்கிறவர் மண்ணில்லா முறையைத் தேடுவது எனக்குப் புரியாமல் இல்லை. இந்தப் பெட்டி வாசலில் வைக்கிற அளவுதான், அதுவும் சரி. நான் சொல்வது பணத்தைப் பற்றி. பெட்டி, பலகை எல்லாம் சின்னக் காசு. பம்ப், டைமர், வடிகட்டி, பிஎச் மீற்றர், ஈசி மீற்றர், பற்றரி, நல்ல நாற்று, இவைதான் காசு. அத்தனையும் போட்டு, சாப்பிட 5 கிலோ கிழங்கு எடுப்பது நஷ்டம். நாலைந்து பேர் சேர்ந்து விதைக்காகச் செய்தால் கணக்கே வேறு. ஒவ்வொரு சின்னக் கிழங்கும் அடுத்த போகத்தில் ஒரு செடி. அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது, மழை தொடங்குமுன் கூரை வேலையை முடித்துவிட்டு வருகிறேன்.

மே 25

கூரை முடிந்தது, மழையும் தொடங்கிவிட்டது. வாரக்கணக்கில் வெயில் முகம் இல்லை.

இந்த ஈரத்தில் இரண்டு தொல்லை. மேலே இலைக்கு வெளிறு நோய், அதாவது கருகல். மண் இல்லை என்பதால் அது வராது என்று நினைக்காதீர்கள், காற்றில் வருகிறது. இலையில் தண்ணீர்க் கறை மாதிரித் தொடங்கி, அடியில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் முடிந்தது. டனலில் காற்றோட்டம் விடுங்கள், செடியை நெருக்கி வைக்காதீர்கள்.

கீழே கிழங்கில் வெள்ளைப் பொட்டு. தோலில் மூச்சுவிடுகிற துளைகள் எப்போதும் ஈரமாக இருப்பதால் வீங்கி வெளியே தள்ளும். பலர் படம் அனுப்பி என்ன நோய் என்கிறார்கள். நோய் இல்லை, ஆனால் அந்தத் துளை வழியாக நோய் நுழையும். பறித்ததும் ஈரத்தோடு கூடையில் குவிக்காதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில், ஒற்றை அடுக்காகப் பரப்பித் தோல் இறுகவிட்ட பிறகுதான் குளிரில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் தூவல் இடைவெளியைக் கூட்டினாலும் பொட்டுக் குறைகிறது. இரவில் தூவலை நான் பாதியாகக் குறைத்துவிட்டேன், செடி ஒன்றும் சொல்லவில்லை.

இலை செழித்து, கிழங்கே பிடிக்காமல் நிற்கிறது என்கிற வெலிமடை அக்காவுக்கு: நைதரசனைக் குறையுங்கள். நல்ல சாப்பாடு கிடைக்கிற வரைக்கும் அது கிழங்கு வைக்காது.

ஜூன் 8

விதைக் கணக்கு. சின்னக் கிழங்கை நேரே வயலில் போட்டால் பாதி போய்விடும், அதன் கையிருப்பு அவ்வளவு குறைவு. முதலில் வலைக்கூடத்தில் ஒரு போகம் நட்டுப் பெரிதாக்க வேண்டும். அசுவினிப் பூச்சி உள்ளே வராத வலை. வைரஸைக் கொண்டுவருவது அந்தப் பூச்சிதான். அந்தக் கிழங்கைத்தான் வயலுக்குக் கொடுப்பது. பறித்த கிழங்கு உறக்கத்தில் இருக்கும், இரண்டு மூன்று மாதம் போய்த்தான் முளைக்கும், போகத்துக்கு ஏற்றபடி அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, என்னிடம் கிழங்கு விலைக்குக் கேட்டு எழுதியவர்களுக்கு. விதை என்று சொல்லி விற்கிறதென்றால் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. அத்தாட்சி, பதிவு எல்லாம் அதற்குள் வரும். சேர்ந்து செய்கிற எண்ணம் இருந்தால் முதலில் பக்கத்து விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள், பெட்டியைப் பிறகு கட்டலாம். என் நாற்று எல்லாம் சான்றுபெற்ற கிழங்கின் முளையிலிருந்து நானே எடுத்தது, பரிசோதிக்கவில்லை. அதனால் அவை என் பெட்டிக்கும் என் கறிச்சட்டிக்கும் மட்டும். சின்னக் கிழங்கைத் தோலோடு அவித்து, வரமிளகாய் தட்டிப்போட்டு வதக்கினால் அந்தச் சுவைக்கு ஈடு இல்லை. இவ்வளவு செலவான வதக்கல் மலைநாட்டிலேயே கிடையாது என்கிறார் வீட்டில்.

ஜூன் 9

ராகலைத் தம்பியின் சலாது படம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. இலை ஓரம் கருகியிருக்கிறதே, கல்சியம் போதவில்லை போலத் தெரிகிறது. கரைசலில் இல்லை என்று அர்த்தமில்லை. காற்றே அசையாத மூலையில் வைத்திருந்தால் செடி தண்ணீரை இழுக்காது, தண்ணீரோடு வரும் கல்சியமும் நுனிக்குப் போகாது. பெட்டியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள்.

ஜூன் 15

வால்வு பற்றி மறுபடியும் கேட்கிறார்கள். பழைய வாஷிங் மெஷினில் கழற்றிய வால்வு சரிவராது. அது கரன்ட் கொடுத்தால் திறக்கும், போனால் மூடும். நமக்கு வேண்டியது நேர் எதிர். கடையில் கேட்கும்போது "கரன்ட் போனால் திறக்கிறது" என்று சொல்லியே கேளுங்கள். கொடுத்ததை நம்பாமல் அங்கேயே வயர் கொடுத்து, வாயால் ஊதிப் பாருங்கள். நாள் முழுக்கக் கரன்டில் இருப்பதால் சுருள் சூடாகும், தொட்டால் கை சுடும் அளவு என்றால் மலிவுச் சரக்கு, மாற்றுங்கள். மாதம் ஒருமுறை மெயினை இறக்கி 'டக்' சத்தம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.